புகையில்லாத பஸ்!

லண்டன் மாநகரில் விக்டோரியா ஸ்டேஷனிலிருந்து 1907-ம் வருஷம் ஜூலை 15-ந் தேதி ஒரு புது மாதிரி மாடி பஸ் புறப்பட்டது. அந்த நாளில் மோட்டார் பஸ் என்றாலே ஊரார் முகத்தைச் சுளிப்பார்கள். காதைச் செவிடாக்கும் இரைச்சல் ஒரு பக்கம், மூக்கைத் துளைக்கும் நாற்றம் ஒரு பக்கம். இந்த பஸ்ஸிலோ இரண்டும் இல்லை. 34 பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு, லிவர்பூல் தெருவுக்குப் பூனை நடப்பதுபோல ஓசையின்றிப் போயிற்று.

அதன் அடியில் ஒன்றரை டன் எடையுள்ள பாட்டரி இருந்தது. சுமார் 60 கிலோமீட்டர் ஓடியதும் அது களைத்துப் போகும். உடனே பஸ்ஸை ஷெட்டுக்குள் கொண்டுபோய், தீர்ந்ததை உருவிவிட்டு வேறொன்றைச் செருகுவார்கள். மூன்றே நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும்.

இவ்வளவு நல்ல பஸ் ஏன் நிலைக்கவில்லை? பஸ்ஸின்மேல் குற்றமில்லை, கம்பெனியை நடத்தியவர்கள் மோசடிக்காரர்கள்! ஒன்றுக்கும் உதவாத காப்புரிமையைக் காட்டிப் பங்குப் பணம் திரட்டினார்கள். 1910-ல் கம்பெனி மூடப்பட்டது. மிஞ்சிய பஸ்களில் சில பிரைட்டன் நகருக்குப் போய், அங்கே பல வருஷம் உழைத்தன.

சென்னையில் பரீட்சை

மின்சார வண்டி நம் சென்னைக்கும் புதிதல்ல. 1895-லேயே இங்கே மின்சார டிராம் ஓடிற்று. இந்தியாவில் முதல் மின்சார டிராம் அதுதான். 1953-ல் அது நின்றது. பிறகு நகரத்துத் தெருக்களில் டீசல் பஸ்ஸின் ராஜ்யம்தான். அதன் பின்னால் ஸ்கூட்டரில் போகிறவர்களுக்கு அந்த ராஜ்யத்தின் மகிமையை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

2019 ஆகஸ்டு 26-ந் தேதி ஒரு மின்சார பஸ்ஸைச் சோதனைக்காக விட்டார்கள். சென்ட்ரலுக்கும் திருவான்மியூருக்கும் இடையே அது ஓடிற்று. வேடிக்கை என்னவென்றால், அதுவும் லண்டன் பஸ்ஸைப் போலப் பாட்டரியைக் கழற்றி மாற்றும் ரகம். நூற்றுப்பன்னிரண்டு வருஷத்துக்கு முந்திய யுக்தி!

சோதனை என்று எதைத்தான் பார்க்கிறார்கள்? வண்டி ஓடுகிறதா என்பதை அல்ல. அது தொழிற்சாலையிலேயே தெரிந்துவிடும். சித்திரை வெயிலில், மாலை ஐந்தரை மணிக் கூட்டம் படிக்கட்டில் தொங்க, அண்ணா சாலை நெரிசலில் நின்று நின்று போய்விட்டு, அதே பஸ் மறுபடியும் டிப்போவுக்கு வந்து சேருமா? இதுதான் கேள்வி. குளிர்ச்சி வசதி இருந்தால் அதுவும் இதே பாட்டரியிலிருந்துதான் தின்ன வேண்டும். வெயிலில் பாட்டரியையும் குளிர வைக்க வேண்டும். சிகாகோ போன்ற ஊர்களிலோ நேர் எதிரான தொல்லை. பனிக்காலத்தில் பஸ்ஸுக்குள் சூடு உண்டாக்கியே பாட்டரி பாதி இளைத்துவிடும். நமக்கு வேறொரு கவலையும் உண்டு. 2015, 2023 டிசம்பர் மாதங்களில் நம் தெருக்களில் தண்ணீர் நின்ற அழகை யார் மறப்பார்கள்? மின்சாரப் பாகங்களுக்குள் ஒரு சொட்டு நீர் புகாதபடி மூடியிருக்க வேண்டும்.

நெரிசலில் ஒரு லாபமும் இருக்கிறது. பிரேக் போடும்போது மோட்டாரே மின்சாரம் உண்டாக்கி, பாட்டரிக்குத் திருப்பிக் கொடுக்கும். டீசல் பஸ்ஸுக்கு எமனாக இருக்கும் சிக்னல், இதற்குக் கொஞ்சம் தீனியும் போடுகிறது.

ராத்திரித் தீனி

2025 ஜூன் 30-ந் தேதி வியாசர்பாடி டிப்போவிலிருந்து 120 மின்சார பஸ்கள் ஒரே நாளில் சேவைக்கு வந்தன. அடுத்து ஆகஸ்டில் பெரும்பாக்கம் டிப்போவிலும் வந்தன. இவற்றில் பாட்டரியைக் கழற்றுவதில்லை; குழாயிலிருந்து பிடிப்பதுபோலக் கேபிளைச் செருகிச் சார்ஜ் ஏற்றுகிறார்கள்.

இந்த அளவுள்ள ஒரு பஸ் ஒரு கிலோமீட்டர் ஓட ஒன்று முதல் ஒன்றேகால் யூனிட் வரை செலவாகும். 200 கிலோமீட்டர் ஓடினால் 200 யூனிட்டுக்குக் குறையாது. 2025-ல் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று நாம் பெற்றோம் அல்லவா? நாலு மாதச் சலுகையை ஒரே நாளில் விழுங்குகிறது இந்த பஸ். 120 பஸ் என்றால் கணக்கை வாசகர்களே போட்டுக்கொள்ளலாம். ஆகவே பஸ் வாங்குவதைவிட டிப்போவை மாற்றுவதே பெரிய வேலை.

சீனத்து ஷென்சென் நகரம் இந்த வேலையை முன்னதாகவே செய்து, 2017 முடிவுக்குள் 16,359 பஸ்களையும் மின்சாரத்துக்கு மாற்றிவிட்டது. அங்கே சர்க்கார் மானியத்தை வாரி வழங்கிற்று. பஸ் செய்யும் பெரிய தொழிற்சாலையும் அதே ஊரில் இருந்தது.

புகை எங்கே போயிற்று என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அத்திப்பட்டு அனல் மின் நிலையத்தில் எரிவது நிலக்கரி. அங்கே புகை உண்டு. வடசென்னைக்காரர்கள் அதை அறிவார்கள். ஆரல்வாய்மொழிக் காற்றாடிகள் சுழலும் மாதங்களில் கணக்கு வேறு. ஆனாலும் பள்ளிக்கூடத்து வாசலில், குழந்தையின் முகத்துக்கு நேரே கக்கும் கரும்புகை இல்லாமற்போவது சின்ன விஷயம் என்று நாம் ஒப்பமாட்டோம்.

டிரைவர் யார்?

பழைய பஸ்ஸில் எஞ்சின், டிரைவரின் பக்கத்தில் அடுப்புமாதிரி கனன்றுகொண்டிருக்கும். கிளச்சை மிதித்து மிதித்து இடது முழங்கால் தேய்ந்துபோகும். இதில் எஞ்சினும் இல்லை, கிளச்சும் இல்லை. ஆனால் அந்தச் சுகம், முப்பது வருஷம் கிளச் மிதித்த கழகத்து டிரைவருக்குக் கிடைக்கவில்லை. ஒப்பந்தப்படி பஸ்ஸும் டிரைவரும் தனியார் கம்பெனியைச் சேர்ந்தவர்கள். கண்டக்டர் மட்டும் மாநகர் போக்குவரத்துக் கழகத்தவர். டிக்கெட் பணம் கழகத்துக்கு. கம்பெனிக்கு ஓடிய கிலோமீட்டருக்குக் கூலி. தொழிற்சங்கங்கள் இதை எதிர்க்கின்றன. இன்று பஸ், நாளை டிப்போ, அப்புறம் எங்கள் பிள்ளைகளுக்கு வேலை எங்கே என்பது அவர்கள் வாதம். முழுவதும் பணம் போட்டு வாங்கக் கழகத்துக்குச் சக்தியில்லை என்பது மறுதரப்பு வாதம். ஏற்கெனவே நஷ்டத்தில் ஓடும் கழகத்துக்கு மொத்தக் கிரயமும் பாரம்தான். என்றாலும், சங்கத்தார் கேட்கும் கேள்விக்கு இன்னும் நேரான பதில் வரவில்லை.

சென்ற வாரம் இந்த பஸ் ஒன்றில் நாமும் ஏறினோம். தாழ்தளம், ஒரு பாட்டி யார் கையையும் பிடிக்காமல் ஏறிவிட்டாள். சக்கர நாற்காலி ஏறுவதற்குச் சாய்வுப் பலகையும் இருக்கிறது. உடல் ஊனமுற்றோர் கோர்ட்டுக்குப் போய் வாதாடியதால் கிடைத்த வசதி இது. ஆனால் அடுத்த நிறுத்தத்தில் நடைபாதையை ஒட்டி வரிசையாக ஆட்டோக்கள். பஸ் நடுரோட்டில் நின்றது. பலகையை நீட்டினாலும் நடைபாதையை எட்டாது. "ஓரங்கட்டிப் போடப்பா" என்று கண்டக்டர் ஆட்டோக்காரரிடம் கத்தினார். "நீ போ சார், சவாரி வருது" என்று பதில் வந்தது.