சாலைக் கணக்கு – 9: மஞ்சளுக்கு எத்தனை விநாடி?

1868 டிசம்பரில் லண்டன் நாடாளுமன்றத்துக்கு எதிரே வைத்த கேஸ் விளக்கு சிக்னல், மறு மாதமே வெடித்து, அதை இயக்கிய போலீஸ்காரரைக் காயப்படுத்திய கதையைப் போன வாரம் பார்த்தோம். அதில் இருந்தவை சிவப்பும் பச்சையும் மட்டும்தான். 1914-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் வந்த மின்சார சிக்னலிலும் அந்த இரண்டே நிறங்கள். மஞ்சள் வந்தது 1920-ல், டெட்ராய்ட் நகரில். வில்லியம் பாட்ஸ் என்ற போலீஸ் அதிகாரி, நாலு திசைக்கும் மூன்று நிறம் காட்டும் சிக்னலை அங்கே நிறுத்தினார்.

சிவப்புக்கும் பச்சைக்கும் எத்தனை விநாடி ஒதுக்குவது என்பது எந்தச் சாலையில் எவ்வளவு வண்டி வருகிறது என்பதைப் பொறுத்தது. மஞ்சளுக்கு அந்தக் கணக்கு உதவாது. வண்டி ஒன்றே ஒன்று வந்தாலும் அதற்குரிய நேரத்தைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

அந்த நேரம் எவ்வளவு என்பதை இயற்பியல் கேள்வியாக எடுத்து அலசிய கட்டுரை 1960-ல் வெளியானது. எழுதியவர்கள் டெனோஸ் காசிஸ், ராபர்ட் ஹெர்மன், அலெக்சி மாரடூடின் ஆகிய மூவர். ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் செய்த வேலை அது. இவர்களில் ஹெர்மன் லேசுப்பட்ட ஆள் இல்லை. பேரண்டம் பிறந்தபோது இருந்த வெப்பத்தின் மிச்சம் இன்றும் வெளியெங்கும் சுமார் 5 கெல்வின் அளவில் இருக்க வேண்டும் என்று 1948-லேயே ரால்ஃப் ஆல்ஃபருடன் சேர்ந்து கணித்தவர். 1960-களில் அந்த மிச்ச வெப்பத்தைத் தற்செயலாகக் கண்டுபிடித்த இருவருக்கு 1978-ல் நோபல் பரிசு கிடைத்தது. கணித்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. அப்படிப்பட்டவர் முச்சந்தி மஞ்சள் விளக்கைக் கையில் எடுத்தார்.

மூவரும் கேட்டது இதைத்தான்: சிவப்பில் கோட்டைத் தாண்டியவர் எல்லாருமே குற்றவாளியா?

நாமே போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு 16.7 மீட்டர். மஞ்சளைப் பார்த்து, சுதாரித்து, பிரேக்கில் கால் வைக்க 1 விநாடி. அதற்குள் 16.7 மீட்டர் போய்விடும். பிறகு உள்ளே இருப்பவர்கள் முன்னால் போய் விழாத அளவுக்கு, ஒவ்வொரு விநாடியும் வேகத்தை விநாடிக்கு 3 மீட்டர் வீதம் குறைத்து நிறுத்த இன்னும் 46 மீட்டர். ஆக மொத்தம் 63 மீட்டர். சிக்னலில் மஞ்சள் 3 விநாடிதான் எரிகிறது என்று வையுங்கள். அந்த நேரத்தில் வண்டி ஓடக்கூடிய தூரம் 50 மீட்டர்.

இப்போது நிறுத்தக் கோட்டுக்கு 55 மீட்டர் முன்னால் இருப்பவரின் நிலையைப் பாருங்கள். நிறுத்தப் பார்த்தால் கோட்டைத் தாண்டித்தான் நிற்பார். போகப் பார்த்தால் கோட்டைத் தொடுமுன் சிவப்பு விழுந்துவிடும். 50-லிருந்து 63 வரையிலான அந்த 13 மீட்டர், ரெண்டுங்கெட்டான் இடம். அங்கே மாட்டிக்கொண்டவர் எந்த முடிவு எடுத்தாலும் தப்பு. அவரை அதில் மாட்டிவிட்டது சிக்னலுக்கு நேரம் குறித்த கை.

தீர்வு எளிது. சுதாரிக்க 1 விநாடி. அதோடு, விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று எடுத்த வேகத்தை 6-ஆல், அதாவது குறைக்கும் வீதமான 3-இன் இரு மடங்கால், வகுத்துக் கூட்ட வேண்டும். 60 கிலோமீட்டருக்கு 3.8 விநாடி வரும், 50-க்கு 3.3. இறக்கமான சாலை என்றால் இன்னும் கூடும். இப்படிக் கொடுத்தால் ரெண்டுங்கெட்டான் இடம் காணாமல் போகும். அதற்காக அள்ளிக் கொடுக்கவும் கூடாது. தினமும் அந்த வழியில் போகிறவர்கள் மஞ்சளையும் பச்சைக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். சாலைச் சிக்னல்களுக்கான அமெரிக்கக் கையேடு 3 முதல் 6 விநாடிக்குள் வைக்கச் சொல்கிறது. மஞ்சளின் கடைசி நொடியில் கோட்டைத் தொட்டவர் 20 மீட்டர் அகலச் சந்திப்பைக் கடந்து வண்டியின் வாலையும் இழுத்துக்கொள்ள, எல்லாப் பக்கமும் சிவப்பாக ஒன்றரை விநாடி தனியாக வேண்டும்.

விநாடியை இப்படிச் சரிசெய்தாலும், விளக்கு கண்ணில் படாவிட்டால் அத்தனையும் வீண். மணிக்கு 40 மைல், அதாவது 64 கிலோமீட்டர் வேகச் சாலையில் 390 அடிக்கு, ஏறக்குறைய 119 மீட்டருக்கு, முன்பிருந்தே சிக்னல் விடாமல் தெரிய வேண்டும் என்கிறது அதே கையேடு. இதற்காகத்தான் 200 மில்லிமீட்டர் விளக்குகளின் இடத்துக்கு 300 மில்லிமீட்டர் விளக்குகள் வந்தன. ஓரக் கம்பத்து விளக்கை முன்னால் போகும் பஸ் மறைக்கும் என்பதால் சாலைக்கு மேலே நீளும் கையில் இன்னொன்று. காலை வெயில் எதிரே அடிக்கையில் விளக்கு எடுபட, பின்னால் கறுப்புப் பலகை. அந்தப் பலகையின் விளிம்பில் ஒளி திருப்பும் மஞ்சள் பட்டை ஒட்டினால், கரண்ட் போன இரவிலும் ஹெட்லைட் பட்டு ‘இங்கே சந்திப்பு இருக்கிறது’ என்று தெரியும். நகரச் சந்திப்புகளில் இந்தப் பட்டையால் விபத்துகள் 15 சதவீதம் குறைவதாக அமெரிக்க நெடுஞ்சாலைத் துறை சொல்கிறது.

மஞ்சளில் பத்தில் ஒரு விநாடி எவ்வளவு பெரியது என்பதை 2014-ல் சிகாகோ பார்த்தது. கேமரா வைத்து அபராதம் போடும் அந்த நகரில், மஞ்சள் 3 விநாடிக்குச் சற்றுக் குறைவாக, 2.9 விநாடி எரிந்த இடங்களிலும் அபராத டிக்கெட் போடத் தொடங்கினார்கள். அதனால் மட்டும் கூடுதலாகப் போனவை சுமார் 77,000 டிக்கெட்டுகள், ஒவ்வொன்றும் 100 டாலர். நகரின் தலைமை ஆய்வாளர் இதை வெளியே கொண்டுவந்த பிறகு பழைய அளவுக்கே திரும்பினார்கள்.

பொறியாளர் பக்கக் கணக்கு இத்துடன் நேர். மீதி நம் கையில். பச்சையின் கவுன்ட்டவுன் 3, 2, 1 என்று இறங்குவதைத் தூரத்திலேயே பார்த்து ஆக்சிலரேட்டரை முறுக்குகிறோம், இல்லையா? 60-க்குக் கணக்கிட்ட 3.8 விநாடி மஞ்சளை 80-ல் சந்தித்தால், நிற்க 104 மீட்டர் தேவை. ஓடக் கிடைப்பதோ 84. பொறியாளர் அழித்துவைத்த ரெண்டுங்கெட்டான் இடத்தை 20 மீட்டர் நீளத்துக்கு நாமே மறுபடி உண்டாக்கிக்கொள்கிறோம். இந்த 20 மீட்டருக்கு எந்தச் சிக்னல் மீதும் பழிபோட முடியாது.

(அடுத்த வாரம்: நடந்து கடப்பவருக்கு எத்தனை விநாடி?)