விளக்குக்கும் ஒரு பெயர் வேண்டும்

நமது சங்கத்து அன்பர்களின் இல்லங்களில் இக்காலத்தே ஒரு புதிய வழக்கம் பரவி வருகிறது. சுவரிலுள்ள ஸ்விட்சைத் தட்டி விளக்கையும் மின்விசிறியையும் இயக்கியது போக, கைப்பேசியைத் தொட்டோ, வாயால் ஏவியோ அவற்றை இயக்குகிறார்கள். இத்தகைய வீட்டை 'ஸ்மார்ட் ஹோம்' என்கின்றனர். நாம் 'திறன்மிகு இல்லம்' என்று வழங்குவோம். இக்கருவிகளை வாங்குவது எளிது. அவற்றை வீட்டிலே ஒழுங்குபடுத்தி வைப்பதுதான் அரிது. அவ்வொழுங்கு இல்லாமையால் நேர்ந்த ஒரு துன்பத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு சிறியது. கூடம், இரண்டு அறைகள், சமையற்கட்டு, முன்புறத்தில் ஒரு திண்ணை, பின்புறத்தில் ஒரு தாழ்வாரம், அவ்வளவுதான். ஒரு தீபாவளிக்கு ஐந்து திறன்மிகு பல்புகளை வாங்கி மாட்டினேன். மாட்டிய ஆர்வத்தில் அவற்றிற்கு 'விளக்கு 1', 'விளக்கு 2' என்று வரிசையாக எண்ணிட்டதோடு நிறுத்திக்கொண்டேன். மாயவரத்திலிருந்து என் தாயார் வந்திருந்த சமயம் அது. ஒரு மாலை அலுவலகத்தில் இருந்தபடியே கைப்பேசியைப் பார்த்தேன். 'விளக்கு 4' எரிந்துகொண்டிருந்தது. திண்ணை விளக்கு வீணாக எரிகிறதே என்று எண்ணி அதனை அணைத்தேன். அது திண்ணை விளக்கன்று, தாழ்வாரத்து விளக்கு. காயப் போட்ட துணிகளை அள்ளிக்கொண்டு வந்த அம்மா, திடீரென்று இருள் சூழ்ந்ததும் படி தவறி விழுந்து மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டார். இரண்டு வாரம் கட்டுப் போட வேண்டியதாயிற்று.

"ஏண்டா தம்பி, அணைக்கிறதுக்கு முன்னாடி அங்கே யார் நிக்கிறாங்கன்னு பார்க்க வேண்டாமா?" என்று மட்டுமே அம்மா கேட்டார். அக்கேள்விக்கு என்னிடம் விடையில்லை. பழுது கருவியில் இல்லை. நான் இட்ட பெயரில் இருந்தது.

ரயில்வேயில் எழுத்தர் வேலை பார்க்கும் எனக்கு இது முன்னமே தெரிந்திருக்க வேண்டும். எங்கள் துறையில் ஒவ்வொரு நிலையத்திற்கும் ஒரு குறியெழுத்து உண்டு. செகந்திராபாத்துக்கு எஸ்.சி.; நாம்பள்ளியிலுள்ள ஐதராபாத் நிலையத்துக்கு எச்.ஒய்.பி.; காச்சிகுடாவுக்கு கே.சி.ஜி. ஒரு குறி ஒரே நிலையத்தைத்தான் குறிக்கும். இந்நகரத்தில் பெரிய நிலையங்கள் பல இருந்தும் பார்சலோ பயணச்சீட்டோ இடம் மாறாமல் போய்ச் சேருவதற்கு அது ஒரு காரணம். மதராஸ் என்னும் பெயர் 1996-இல் சென்னை ஆயிற்று. சென்ட்ரல் நிலையத்திற்கு 2019-இல் எம்.ஜி.ஆர். பெயர் சூட்டப்பட்டது. ஆயினும் அந்நிலையத்தின் குறி இன்றும் எம்.ஏ.எஸ்.தான். மக்கள் அழைக்கும் பெயர் மாறலாம். கணக்கில் நிற்கும் அடையாளம் மாறலாகாது.

திறன்மிகு இல்லத்திலும் இவ்வாறே இரண்டு அடையாளங்கள் உண்டு. கருவிக்கென்று அமைப்பு தானே வைத்துக்கொள்ளும் உள் அடையாளம் ஒன்று. நாம் இட்டு அழைக்கும் பெயர் மற்றொன்று. முன்னதை நாம் தொட வேண்டியதில்லை. பின்னதை இடுவதில்தான் முழுக் கவனமும் வேண்டும்.

வீடு, அறை, கருவி

ஆப்பிள் நிறுவனம் 2014-இல் அறிமுகம் செய்த 'ஹோம்கிட்' முதல் இன்று வழங்கும் அமைப்புகள் பலவும் ஒரே படிமுறையை மேற்கொள்கின்றன. முதலில் வீடு, வீட்டினுள் அறைகள், அறைக்குள் கருவிகள். 2013-இல் தோன்றிய 'ஹோம் அசிஸ்டன்ட்' என்னும் இலவச மென்பொருள், 2024-இல் மாடி என்னும் படியையும் அறைக்கு மேலே சேர்த்தது. ஆகவே கருவியை மாட்டும் முன்னரே ஒரு தாளில் வீட்டின் படத்தை வரைந்து, அறை அறையாக விளக்கு, விசிறி, கீசர் முதலியவற்றைக் குறித்துக்கொள்க. பிறகு கருவியை ஒவ்வொன்றாகச் சேர்த்து, சேர்த்த அக்கணமே அதன் அறையையும் பெயரையும் பதிவு செய்க. ஐந்தையும் ஒருசேரச் சேர்த்துவிட்டுப் பிறகு பிரித்தறிய முயல்வதே குழப்பத்தின் பிறப்பிடம்.

பேச்சைக் கேட்கும் ஒலிபெருக்கிப் பெட்டியையும் அது இருக்கும் அறையிலேயே சேர்த்துவிட வேண்டும். அப்போது "விளக்கை ஏற்று" என்று பொதுவாகச் சொன்னாலும், எந்த அறையிலிருந்து சொன்னோமோ அந்த அறை விளக்கையே அது ஏற்றும்.

எந்த மொழியில் பெயரிடுவது?

இது நம்மைப் போன்று அயல் மாநிலத்தில் வாழ்வோர்க்கே உரிய சிக்கல். அமேசானின் எக்கோ 2017-இல் இந்தியாவுக்கு வந்தபோது ஆங்கிலம் ஒன்றையே கேட்டது. 2019-இல் இந்தியும் கற்றுக்கொண்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் அந்நிறுவனம் நமது நானக்ராம்குடாவில் தன் பெரும் வளாகத்தைத் திறந்தது. நம் பிள்ளைகள் பலர் அப்பகுதியிலேதான் வேலைக்குச் செல்கின்றனர். ஆயினும் வீட்டுக்குள் நிலைமை வேறு. எங்கள் வீட்டில் அம்மாவுக்குத் தமிழ், பணிக்கு வரும் அம்மையாருக்குத் தெலுங்கு, குழந்தைகளுக்கு ஆங்கிலம். அம்மா 'சமையற்கட்டு' என்பதைப் பணிப்பெண் 'வண்ட இல்லு' என்கிறார்; குழந்தைகள் 'கிச்சன்' என்கின்றனர்.

நான் கண்ட வழி இது. மூவர் வாயிலும் முன்பே புழங்கும் சொல்லைத் தேர்ந்தெடுத்தல். ஹால், கிச்சன், பூஜா, பால்கனி என்பன எல்லார்க்கும் தெரியும். ஆங்கிலத்தில் கேட்கும்படி அமைத்த கருவியும் எளிதில் பற்றிக்கொள்ளும். தனித்தமிழ்ப் பற்றுடைய அன்பர்கள் என்னைப் பொறுத்தருள்க. இரண்டு கருவிகளுக்கு ஒரே பெயரோ, ஒலியால் ஒத்த பெயரோ இடலாகாது. எண்ணைப் பெயராக இடவே கூடாது என்பதை நான் அனுபவத்தால் அறிந்தேன்.

சுவர் ஸ்விட்சு சாகலாகாது

திறன்மிகு பல்புக்கு ஒரு குறை உண்டு. சுவர் ஸ்விட்சை அணைத்துவிட்டால் பல்புக்கு மின்சாரமே போகாது. பிறகு கைப்பேசி எவ்வளவு அழைத்தாலும் அது எழாது. அதற்காக "ஸ்விட்சைத் தொடாதீர்கள்" என்று முதியோருக்குக் கட்டளையிடுவது முறையன்று. அறுபது ஆண்டுப் பழக்கம் நம் வசதிக்காக மாற வேண்டுமா? இதற்கு மாற்றாக, பலகைக்குப் பின்னே பொருத்தும் சிறு கருவி உண்டு. அதனை மாட்டினால் சுவர் ஸ்விட்சும் வேலை செய்யும். கைப்பேசியும் வேலை செய்யும். இவற்றுள் பலவற்றிற்கு நியூட்ரல் கம்பி தேவை. பழைய வீடுகளில் ஸ்விட்சுப் பெட்டிக்குள் அக்கம்பி இல்லாமலும் போகலாம். ஆகையால் உரிய எலக்ட்ரீஷியனைக் கொண்டே பார்க்க வேண்டும்.

கீசர் விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை தேவை. 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் திறன்மிகு பிளக்கில் அதனை மாட்டினால் பிளக் சூடேறிக் கருகும். 16 ஆம்பியர் தாங்கும் கருவியே ஏற்றது.

நள்ளிரவில் மின்சாரம் போய் வந்தால் வீட்டு விளக்குகள் எல்லாம் ஒருசேர எரிந்து தூக்கத்தைக் கெடுக்கும். மின்சாரம் மீளும்போது முன்னிருந்த நிலையிலேயே இருக்கச் செய்யும் வசதி பல பல்புகளில் உண்டு. செயலியில் தேடி அமைத்துக்கொள்க. வைஃபை பெட்டியை இன்வெர்ட்டரில் இணைத்து வைப்பதும் நன்று.

சாவி யார் கையில்?

வீட்டின் அமைப்பு முழுவதும் ஒருவர் கைப்பேசியில் அடங்கிக் கிடப்பது ஆபத்து. அவர் ஊரில் இல்லாதபோது மற்றவர்கள் தம் வீட்டிலேயே விருந்தினர் ஆகிவிடுகின்றனர். எனவே இல்லத்தரசியையும் வயது வந்த பிள்ளைகளையும் உறுப்பினராகச் சேர்த்துவிடுக. வாடகை வீட்டைக் காலி செய்யும்போது கருவிகளைக் கணக்கிலிருந்து நீக்கி, தொடக்க நிலைக்குத் திருப்பிவிடுக. பணி மாற்றலில் செல்பவர் பொறுப்பை ஒப்படைத்துவிட்டே செல்ல வேண்டும் என்னும் அலுவலக விதி வீட்டிற்கும் பொருந்தும்.

எங்கள் வீட்டில் இப்போது எண்கள் இல்லை. ஒவ்வொரு விளக்கும் தன் இடத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. தாழ்வாரத்து விளக்கை மட்டும் வெளியிலிருந்து அணைக்கும் பட்டியலில் நான் சேர்க்கவில்லை. அதற்குப் பழைய பல்பே போதும் என்று விட்டுவிட்டேன். அது அம்மாவின் கையால் எரிந்து, அம்மாவின் கையாலேயே அணைகிறது. வீட்டை ஒழுங்கு செய்யப் புகும் அன்பர்கள், கைப்பேசி வைத்திருப்பவரை மட்டும் நினையாமல், அவ்வீட்டில் நாள் முழுதும் நடமாடுகிறவரை நினைத்துத் தொடங்குவார்களாக.