நன்னீர் மீனைப் பக்குவம் செய்யும் எளிய முறைகள்

கடற்கரையிலிருந்து விலகி வாழும் இந்திய மக்களுக்கு மீன் என்றால் பெரும்பாலும் ஆற்று மீனும் குளத்து மீனுமே. வங்காளம், அசாம், ஒடிசா, பீகார் ஆகிய பகுதிகளில் கட்லா, ரோகு, மிரிகால் என்னும் மூன்று பெருங்கெண்டை இனங்கள் நெடுங்காலமாகக் குளங்களில் வளர்க்கப்பட்டு வருகின்றன. இவற்றின் குஞ்சுகளை முன்னர் ஆறுகளிலிருந்தே சேகரிக்க வேண்டியிருந்தது. 1957-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் ஒடிசாவின் அங்குலில் டாக்டர் ஹீராலால் சௌத்ரி, பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசி வழியே செலுத்திக் கெண்டைகளை வளர்ப்பிடத்திலேயே முட்டையிடச் செய்தார். அதன் பின்னரே இம்மீன்கள் நாடெங்கும் பரவின; கடல் மீனுக்குப் பழகிய தமிழ்நாட்டுச் சந்தைகளிலும் இடம் பெற்றன. எனினும், ‘மண் வாடை’ என்று கூறி இவற்றை ஒதுக்குவோர் இன்னும் உளர்.

இக்குறை கற்பனையன்று. குளத்து நீரில் வளரும் நீலப்பசும்பாசிகளும் ஆக்டினோமைசீட்டு என்னும் நுண்ணுயிர்களும் ஜியோஸ்மின் என்னும் பொருளை உண்டாக்குகின்றன. முதல் மழையில் நிலத்திலிருந்து எழும் மணமும் இதனால் வருவதே. ஒரு லட்சம் கோடிப் பங்கு நீரில் ஏறத்தாழப் பத்துப் பங்கு இருந்தாலே மனித மூக்கு இதனை அறிந்துகொள்ளும். மழையில் விரும்பப்படும் இம்மணம் குழம்பில் வெறுக்கப்படுவது வேடிக்கையே! ஜியோஸ்மின் கொழுப்பில் தங்கும் இயல்புடையது. ஆதலின், வயிற்றுப்புறக் கொழுப்பையும், தோலையொட்டிய கருஞ்சதையையும் நீக்கினால் வாடை பெரிதும் குறையும். புளிப்பு இதனைச் சிதைக்க வல்லது. அசாமியர் தம் ‘டெங்கா’ என்னும் புளிக்குழம்பில் உவாக்காயையோ எலுமிச்சையையோ தக்காளியையோ சேர்ப்பதும், தமிழர் புளி கரைத்து ஊற்றுவதும் சுவைக்காக மட்டும் ஏற்பட்ட வழக்கங்களல்ல என்று கருத இடமுண்டு. விரால், தேளி போன்ற மீன்கள் காற்றையும் சுவாசிப்பவை. இவற்றை உயிருடன் தெளிந்த நீரில் சில நாள் வைத்திருந்து, நீரை மாற்றி வந்தால் வாடை படிப்படியாக நீங்கும்.

பிடித்த மீனை உடனே கொன்றுவிடுதல் நலம். நெடுநேரம் துடித்து இறக்கும் மீனின் தசையிலுள்ள கிளைக்கோஜன் தீர்ந்து, இறப்பிற்குப் பின் வரும் விறைப்பு விரைந்து தோன்றும். நம் நாட்டு வெப்பத்தில் குடலிலுள்ள நொதிகளும் செவுள்களிலுள்ள பாக்டீரியங்களும் சில மணி நேரத்திலேயே தம் வேலையைத் தொடங்கிவிடும். எனவே, செதில், செவுள், குடல் ஆகியவற்றை முதலில் நீக்கிக் கழுவ வேண்டும்.

குடலை எடுக்கும்போது பச்சை நிறப் பித்தப்பை உடையாமல் காத்தல் இன்றியமையாதது. உடைந்தால் சதை கசக்கும் என்பது சமைப்போர் அனைவரும் அறிந்ததே. அதனினும் பெரிய தீங்கு ஒன்று உண்டு. கெண்டையின் பித்தப்பையை மருந்தென்று நம்பிப் பச்சையாக விழுங்குவோர் சிலர் உளர். அதிலுள்ள சைப்ரினால் என்னும் நச்சு சிறுநீரகங்களையும் ஈரலையும் தாக்கும். சிறுநீரகங்கள் திடீரெனச் செயலிழந்த நிகழ்ச்சிகள் இந்தியாவிலும் பதிவாகியுள்ளன. சமைப்பதால் இந்நச்சு அழிவதில்லை. இம்மருத்துவத்தை அறவே கைவிட வேண்டும்.

மீன் தசையில் இணைப்புத் திசு மிகக் குறைவு; இருப்பதும் சிறு வெப்பத்திலேயே கூழாகிவிடும். ஆட்டிறைச்சியைப் போல் நெடுநேரம் வேக வைப்பது மீனைக் கெடுப்பதாகும். அதற்காக அரைவேக்காட்டில் இறக்குவதும் கூடாது. நன்னீர் மீன்களில் ஒட்டுண்ணிப் புழுக்களின் இளம் பருவங்கள் இருக்கக்கூடும். எலுமிச்சைச் சாறும் சிறிது நேர உப்பும் அவற்றைக் கொல்லா. முதுகெலும்பை ஒட்டிய சதை கண்ணாடித் தன்மை நீங்கி வெண்மையாகி, முள்ளிலிருந்து எளிதில் பிரிந்தால் பக்குவமாயிற்று என்று கொள்ளலாம்.

எளிய முறைகளுள் வங்காளிகளின் ‘பாதூரி’ சிறந்தது. துண்டுகளில் உப்பும் மஞ்சளும் தடவிக் கால் மணி நேரம் வைத்து, அரைத்த கடுகு, பச்சை மிளகாய், சிறிது கடுகெண்ணெய் ஆகியவற்றைப் பூசி, தணலில் வாட்டிய வாழையிலையில் பொதிந்து, மூடிய சட்டியில் இளந்தீயில் இருபுறமும் வேக வைப்பர். இலைக்குள் எழும் ஆவியே மீனை வேகச் செய்வதால் நீர் வேண்டியதில்லை. மீனின் சாறும் வீணாவதில்லை. கடுகெண்ணெய் பிடிக்காதோர் நல்லெண்ணெயைக் கொள்ளலாம். ‘ஜோல்’ என்னும் குழம்பு இன்னும் எளிது: வறுத்த துண்டுகளைச் சீரகமும் இஞ்சியும் கலந்த கொதிநீரில் இட்டுச் சில நிமிடங்களில் இறக்கிவிடுவர்.

கெண்டையின் சதைக்குள் கிடக்கும் கவைமுட்களே குழந்தைகளுக்கு அச்சம் தருபவை. துண்டின் இருபுறமும் கத்தியால் நெருக்கமாகக் கீறிச் சூடான எண்ணெயில் பொரித்தால், துண்டுபட்ட மெல்லிய முட்கள் மொறுமொறுப்பாகிவிடும். ஆயினும் சிறு குழந்தைகளுக்கு முள் நீக்கித் தருவதே முறை.

விலை மலிந்த சிறுமீன்களைப் பலர் மதிப்பதில்லை. வங்காளத்தில் ‘மௌரலா’ எனப்படும் மீன் ஒரு விரல் நீளம் கூட இராது. ஆனால் அதில் வைட்டமின் ஏ மிகுந்துள்ளது. அச்சத்தின் பெரும் பகுதி கண்களிலும் உள்ளுறுப்புகளிலும் அடங்கியுள்ளமையால், தலையைக் கிள்ளி எறிவோர் சத்தையும் எறிந்துவிடுகின்றனர். மென்று விழுங்கும் முட்களால் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கிறது. இம்மீன்களை அன்றே பிடித்ததாகப் பார்த்து வாங்கி, உப்பிட்டு அலசி, தலையுடனேயே அகன்ற சட்டியில் ஒரே அடுக்காகப் பரப்பி, வெங்காயமும் மஞ்சளும் கையளவு நீரும் சேர்த்து மூடி வைத்தால், சோறு வடிப்பதற்குள் வெந்துவிடும். கரண்டியால் கிளறினால் உடைந்துபோகும். சட்டியைப் பிடித்துக் குலுக்கினாலே போதும்.