எக்ஸ்ரேயில் ஒளிந்துகொள்ளும் நோய்

"பின்னலைத் தூக்கிக் கொண்டை போட்டுக்குங்கம்மா. சங்கிலியைக் கழட்டிடுங்க." எக்ஸ்ரே அறையில் இப்படிச் சொன்னால் சிலர் முகம் சுளிக்கிறார்கள். சொல்வதில் காரணம் இருக்கிறது. தோளில் கிடக்கும் பின்னல், படத்தில் நுரையீரலின் உச்சிப் பகுதிமேல் மங்கலான நிழலாக விழும். பெரியவர்களுக்குக் காசநோய் பெரும்பாலும் தலைகாட்டுவதும் அந்த உச்சியில்தான். முடியின் நிழல் நோய்போலத் தெரியலாம்; உண்மையான நோயை மறைத்தும் விடலாம்.

பொரிப்பொரியாகத் தெரியும் படம்

பார்க்க வேண்டியதைப் பார்க்கவிடாமல் படத்தில் குறுக்கிடும் எதையும் 'இரைச்சல்' என்கிறார்கள். கதிர் குறைவாகப் பாய்ந்தால் படம் மணல் தூவியதுபோல் பொரிந்திருக்கும். சிறு கட்டி அந்த மணலில் கரைந்துபோகும். ஒரு பொருளின் அடையாளம் இரைச்சலைப்போல் சுமார் 5 மடங்கு இருந்தால்தான் கண் அதை உறுதியாகப் பிரித்தறியும் என்று இயற்பியலாளர் ஆல்பர்ட் ரோஸ் 1940களிலேயே கணக்கிட்டார்.

அப்படியானால் கதிரைக் கூட்டிவிடலாமே? இரைச்சலைப் பாதியாக்கக் கதிரை 4 மடங்காக்க வேண்டும். அவ்வளவையும் உடல்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். அதனால் நோயைக் காட்டும் அளவுக்குத் தெளிவு போதும். படம் பளிச்சென்று இல்லையே என்று குறைப்படத் தேவையில்லை.

உடலே மறைக்கும்போது

இதைவிடப் பெரிய சிக்கல் நம் உடலமைப்புதான். விலா எலும்பும் ரத்தக் குழாய்களும் நுரையீரல் கட்டியை மறைக்கின்றன. மார்பகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராமில் கொழுப்பு கருமையாகத் தெரியும். சுரப்பித் திசு வெண்மை, புற்றுக்கட்டியும் வெண்மை. திசு அடர்த்தியாக இருந்தால் வெள்ளைக்குள் வெள்ளையைத் தேட வேண்டும். அனுபவமுள்ள மருத்துவரின் கண்ணுக்கும் அது தப்பலாம். அடர்த்தியை ஏ முதல் டி வரை நான்கு வகையாகப் பிரிக்கிறார்கள். மார்பகம் அடர்த்தியானதா இல்லையா என்பதைப் பெண்ணுக்கே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்ற விதி அமெரிக்கா முழுவதும் 2024 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. நம் பெண்களும் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

மேமோகிராம் எடுக்கும் நாளில் மார்பிலும் அக்குளிலும் பவுடர், டியோடரன்ட் வேண்டாம். அவற்றின் துகள்கள் சுண்ணாம்புப் புள்ளிகள்போலப் படத்தில் விழும். மூச்சை அடக்கச் சொன்னால் அசையாமல் அடக்குங்கள். பழைய படங்களைக் கையோடு கொண்டுபோங்கள். புதிதாக முளைத்த நிழல் எது என்பது ஒப்பிட்டால்தான் தெரியும்.

மேமோகிராம் ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை, ஆனால் கைக்குக் கட்டி தட்டுப்படுகிறது என்றால், ரிப்போர்ட்டை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள். மருத்துவரிடம் காட்டி, அல்ட்ராசவுண்ட் தேவையா என்று அன்றே கேளுங்கள்.