முனை இல்லாத ஆர்.என்.ஏ.

நம் செல்லுக்குள் இருக்கும் ஆர்.என்.ஏ. பெரும்பாலும் நூல் போன்றது. இரண்டு முனைகள் உண்டு. அதைச் சிதைக்கும் நொதிகள் பல, முனையிலிருந்துதான் அரிக்கத் தொடங்கும். ஆனால் சில ஆர்.என்.ஏ.க்களின் தலையும் வாலும் வளையல்போல் இணைந்துவிடுகின்றன. அரிக்க முனை ஏது? அதனால் அவற்றுக்கு ஆயுள் கெட்டி.

மனிதச் செல்லில் இந்த வளையங்களை 1979-லேயே எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டார்கள். ஏதோ கைப்பிசகு என்று வெகுகாலம் ஒதுக்கியும் வைத்தார்கள்!

2019-இல் ஷாங்காய் ஆய்வாளர்கள் அவற்றுக்கு ஒரு முக்கிய வேலை இருப்பதைக் காட்டினார்கள். வைரஸ் ஊடுருவலை மோப்பம் பிடிக்கும் காவல் புரதம் பி.கே.ஆர். சாதாரண வேளையில் வளைய ஆர்.என்.ஏ.க்கள் அதைப் பற்றிக்கொண்டு அடக்கி வைக்கின்றன. வைரஸ் நுழைந்ததும் வேறொரு நொதி வளையங்களை நடுவிலேயே வெட்டுகிறது. கட்டவிழ்ந்த பி.கே.ஆர். களத்தில் இறங்குகிறது.

சொந்த உடலையே தாக்கும் லூபஸ் நோயில் கதை தடம் மாறுகிறது. நோயாளிகளின் ரத்தச் செல்களில் வளையங்கள் குறைவு; பி.கே.ஆர். அளவுமீறித் துடிக்கிறது. ஆய்வகத்தில் அந்தச் செல்களுக்குள் வளைய ஆர்.என்.ஏ.வைக் கூட்டியபோது, பி.கே.ஆரின் துடிப்பு தணிந்தது.