பல்லுக்குப் பல்லே ஒட்டு

உத்தமபாளையமோ சூரிச்சோ, சொத்தையைச் சுரண்டியபின் பள்ளத்தை எதைக்கொண்டு அடைப்பது என்பதுதான் கேள்வி. பிசின் கலவை நாளடைவில் தேயும். மெருகு குலைந்த பீங்கான் எதிர்ப்பல்லைத் தேய்க்கும்.

அடைப்புக்குப் பல்லே ஏன் சிறந்தது? எனாமலின் எடையில் சுமார் 96 விழுக்காடு தாது; கடினம், ஆனால் நொறுங்கும். அதன் அடியிலுள்ள டென்டினில் கொலாஜன் இழைகள் ஓடுவதால், அது சற்றே வளைந்து கடியின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. இந்தக் கூட்டணியை எந்த ஆலையும் அப்படியே வார்த்ததில்லை.

பல்லைக்கொண்டே அடைப்பது எப்படி? 1985-இல் சூரிச் பல்கலைக்கழகத்தில் மோர்மனும் பிராண்டெஸ்டினியும் தொடங்கிவைத்த செரெக் முறையில், வாய்க்குள் கேமரா அளவெடுக்கும். கணினி வடிவம் வரையும். எந்திரம் பீங்கான் கட்டியைக் கடையும். அந்தக் கட்டியின் இடத்தில், பிடுங்கிய கடைவாய்ப்பல்லைக் கிருமி நீக்கி மாட்டினால்? 2014-இல் பல் மருத்துவ ஆய்வாளர் பாஸ்கல் மாக்னே இடம்பெற்ற குழு அப்படிக் கடைந்ததை வெளியிட்டது. அடுத்தவர் பல் என்றால் முகம் சுளிப்போம். சொந்த ஞானப்பல் கிடைத்தால் யோகம்தான்.

எந்திரமே இல்லாத வழியும் உண்டு. கம்பம் சாலையில் பைக்கிலிருந்து விழுந்து முன்பல் முனை உடைந்தால், துண்டைத் தேடியெடுங்கள். காயவிடாமல் பாலிலோ தண்ணீரிலோ போட்டுப் பல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பல நேரங்களில் அதையே ஒட்டிவிடலாம். வேரோடு விழுந்த பல்லென்றால் பால்தான் நல்லது, தண்ணீர் வேண்டாம்.