கடலடியில் மூச்சடக்கும் படங்கள்

சண்டைப் படம் என்றால் கத்தியும் குதிரையும் வேண்டும் என்று நினைக்கும் ரசிகர்கள், நீர்மூழ்கிக் கப்பல் படம் ஒன்றைப் பார்க்க வேண்டும். அங்கே எதிரியின் முகம் தெரியாது, ஓசைதான் கேட்கும். மேலே போர்க்கப்பல் வட்டமிடுகிறது. கீழே இயந்திரங்களை நிறுத்திவிட்டு மாலுமிகள் அசையாமல் நிற்கிறார்கள். ஒரு ஸ்பானர் கைநழுவி விழுந்தாலும் ஆபத்து. அப்போது கொட்டகையில் இருமுபவர்கூட வாயைப் பொத்திக்கொள்வார்!

1957-ல் வந்த ‘தி எனிமி பிலோ’ படத்தில் அமெரிக்கப் போர்க்கப்பல் காப்டனும் ஜெர்மன் நீர்மூழ்கிக் காப்டனும் ஒருவரையொருவர் வேட்டையாடுகிறார்கள். கடைசியில் அமெரிக்கரே எதிரிக்குக் கயிறு வீசிக் காப்பாற்றுகிறார். 1981-ல் உல்ப்காங் பீட்டர்சன் டைரக்ட் செய்த ஜெர்மன் படம் ‘டாஸ் பூட்’. இரண்டாவது உலக யுத்தத்தில் நீர்மூழ்கிகளில் சென்ற 40,000 ஜெர்மானியரில் 30,000 பேர் திரும்பவில்லை என்ற அறிவிப்போடு அது தொடங்குகிறது. வீர வசனம் கிடையாது. நெருக்கடி, அழுக்கு, பயம் இவைதான் கதை.

பின்னால் வந்த சில படங்கள் சரித்திரத்திலேயே கை வைத்தன. 2000-ல் வந்த ‘யு-571’, ஜெர்மனியின் ‘எனிக்மா’ சங்கேத இயந்திரத்தை அமெரிக்கர்கள் கைப்பற்றியதாகக் காட்டியது. ஆனால் 1941 மே மாதத்தில் யு-110 என்ற நீர்மூழ்கியிலிருந்து அத்தகைய இயந்திரத்தை எடுத்தவர்கள் பிரிட்டிஷ் மாலுமிகள். அமெரிக்கா அப்போது யுத்தத்திலேயே இறங்கவில்லை. பிரிட்டிஷ் பார்லிமெண்டிலேயே இதற்குக் கண்டனம் எழுந்தது.

நம் நாட்டிலும் இந்தச் சிக்கல் உண்டு. தெலுங்கிலும் இந்தியிலும் எடுக்கப்பட்டு, தமிழிலும் 2017-ல் வெளிவந்த ‘காஸி’ படத்தில், பாகிஸ்தானின் ‘காஸி’யை இந்திய நீர்மூழ்கி ஒன்று அழிக்கிறது. நம் கடற்படை தரும் விவரம் வேறு. 1971 டிசம்பரில் விசாகப்பட்டினத்துக்கு அருகே ‘ராஜ்புத்’ என்ற போர்க்கப்பல் வீசிய குண்டுகளால் ‘காஸி’ மூழ்கியது என்கிறது அது. பாகிஸ்தான் இதை ஏற்கவில்லை. கப்பல் தானே வெடித்தது என்கிறது. எப்படியானாலும் அதில் இருந்த 93 பேரும் மாண்டனர். படத்தில் கேட்கும் கைதட்டல் அவர்களை மறக்கச் செய்துவிடக் கூடாது.

அதே விசாகப்பட்டினத்தின் கடற்கரையில், 1969-ல் நம் கடற்படையில் சேர்ந்த ‘குர்சுரா’ என்ற நீர்மூழ்கி 2002 முதல் காட்சிசாலையாக நிற்கிறது. அந்தப் பக்கம் வேலையாகவோ விடுமுறையிலோ போகிறவர்கள் தவறாமல் பார்க்க வேண்டும். குறுகிய வழியில் குனிந்து நுழைந்து, அடுக்கடுக்கான படுக்கைகளைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால், படத்தில் காட்டாததும் புரியும். இந்த இடுக்குக்குள்தான், நம் பிள்ளைகளும் எதிரியின் பிள்ளைகளும் ஒரே மாதிரி மூச்சடக்கிக் காத்திருந்தார்கள்.